கபில வளையத்தைக் கண்டிராத பிள்ளைகளும் கிணற்றுத் தண்ணீரும்

"கபில வளையச் சோதனையைச் சொல்லு பார்ப்போம்" என்றதும் அந்தப் பிள்ளை தடங்கலில்லாமல் ஒப்புவித்தாள். கரைசலுடன் புதிதாகத் தயாரித்த பெரசு சல்பேற்றைச் சேர்க்க வேண்டும். சோதனைக் குழாயைச் சரித்துப் பிடித்து, செறிந்த சல்பூரிக் அமிலத்தை ஓரமாக மெல்ல வழியவிட வேண்டும். பாரமான அமிலம் அடியில் போய்த் தங்கும். இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் கபில நிற வளையம் தோன்றினால் அங்கே நைத்திரேற்று அயன் உண்டு.

எல்லாம் சரி. நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"டியூட்ல படம் இருக்குக்கா. போட்டோ கொப்பி. அதுல வளையம் கறுப்பாத்தான் தெரியும்."

பலாங்கொடையை அண்டிய ஒரு தோட்டத்து லயத்தில் இருந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உயர்தர இரசாயனவியலுக்குத் தனியான செய்முறைப் பரீட்சையும் இல்லை. சோதனைகளை வினாத்தாளில் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆய்வுகூடத்தின் உள்ளே காலே வைக்காத பிள்ளைகூட நல்ல பெறுபேறு எடுக்கலாம். எடுத்தும் இருக்கிறார்கள்.

வன்னியில் இருந்து இதைப் படிக்கும் பலருக்கு இந்தத் தோட்டங்கள் அந்நியமானவை அல்ல. 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவையிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் அநேகம். 'குடிக்கிற தண்ணியில என்ன இருக்கு?' என்ற கேள்வி அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. விடையைக் கண்டுபிடிக்கும் வழி பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, கையால் செய்து பார்த்தவருக்கே எளிதில் விளங்கும்.

இன்னதென்று தெரியாத ஓர் உப்பைக் கையில் கொடுத்தால், இரசாயனவியலாளர் 'இது என்ன?' என்று நேரே கேட்பதில்லை. 'இது எது இல்லை?' என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகிறார். முதலில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம். வெள்ளை வீழ்படிவு விழுந்தால் வெள்ளியோ ஈயமோ இருக்கலாம். சுடுநீரில் கரைந்தால் ஈயம், அமோனியாவில் கரைந்தால் வெள்ளி. ஒன்றும் விழாவிட்டால் அடுத்த கூட்டம்: செம்பு, பிறகு இரும்பு, அலுமினியம், பிறகு நாகம், அதன்பின் கல்சியம், பேரியம். கடைசியில் மிஞ்சுவது சோடியம், பொற்றாசியம் போன்றவை. அவற்றைச் சுவாலையில் காட்டினால் சோடியம் மஞ்சளாகவும் பொற்றாசியம் இளம் ஊதாவாகவும் எரியும்.

டியூட் சொல்லித்தராத இடம் இனித்தான் வருகிறது. பேரியம் குளோரைட்டு விட்டதும் வெள்ளை வீழ்படிவு. சல்பேற்று என்று எழுதிவிடலாமா? கூடாது. காபனேற்றும் அதே வெள்ளையைத்தான் தரும். ஐதான அமிலம் விட்டால் காபனேற்று நுரைத்துக் கரைந்துவிடும், சல்பேற்று அசையாது. குளோரைட்டைப் பிடிக்கும் வெள்ளி நைத்திரேற்று இன்னும் வேடிக்கையானது. வெறும் குழாய்த் தண்ணீரே பலவேளை அதில் வெள்ளையாகக் கலங்கும். அதனால்தான் காய்ச்சி வடித்த நீரில் அதே சோதனையைத் தனியாகச் செய்து ஒப்பிடுகிறார்கள். வெள்ளை நிறம் ஒரு சாட்சி மாத்திரமே. குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுத முடியாது.

சேதனப் பொருள்களில் சிக்கல் இன்னும் கூட. அயனைத் தேடும் இடத்தில் இங்கே மூலக்கூறின் ஒரு பகுதியைத் தேடுகிறோம். பிராடியின் சோதனைப்பொருள் செம்மஞ்சள் வீழ்படிவைத் தந்தால் அல்டிகைட்டு அல்லது கீற்றோன். தொலனின் சோதனைப்பொருளில் குழாயின் உட்புறம் கண்ணாடிபோல வெள்ளி படிந்தால் அல்டிகைட்டு. எந்த அல்டிகைட்டு என்பதை அறிய மேலும் வேலை இருக்கிறது.

தோட்டத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. களைநாசினியைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருந்தது! பரகுவாற் என்ற களைநாசினி இலங்கையில் 2008 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டுத் தடை செய்யப்பட்டது. அது ஒரு சேதனக் கற்றயன். பாடப்புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்களும் அதில் சந்திக்கின்றன. அதைக் குடித்தவரின் சிறுநீரைக் காரமாக்கிச் சோடியம் டைதயோனைட் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். கட்டிலருகிலேயே செய்யக்கூடிய சோதனை. நிறம் வராவிட்டால் நஞ்சே இல்லை என்று மட்டும் எடுத்துவிடக் கூடாது. அது பரகுவாற்றைத் தேடும் சோதனை, மற்ற நஞ்சுகளை அது அறியாது.

சுன்னாகத்தில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அனல் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்று மக்கள் கிளர்ந்தபோது அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. சனம் யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் செலுத்துமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

அப்படியான அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது, எதைத் தேடினார்கள் என்பதையே. 'எண்ணெயும் கிறீசும்' என்ற சோதனையில் தண்ணீரிலுள்ள எண்ணெய்ப் பசையைக் கரைப்பானில் பிரித்தெடுத்து அளக்கிறார்கள். அது டீசலா, தேங்காயெண்ணெயா என்று அந்த எடை சொல்லாது. பென்சீன் வகைகளுக்கு வேறு கருவி, ஈயத்துக்கு வேறு கருவி. ஈயத்தைத் தேடி 'இல்லை' என்று வந்த தாளைக் காட்டி எண்ணெய் இல்லை என்று சொன்னால், அது விடையல்ல. இலங்கைக் குடிநீர்த் தரத்தில் எண்ணெய்க்கும் கிறீசுக்கும் எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். நைத்திரேற்றுக்கு 50. கபில வளையம் 'உண்டு' என்றுதான் சொல்லும். 50க்கு மேலா கீழா என்று சொல்லாது. உரமும் மலசலகூடக் குழிகளும் சுண்ணக்கல் வழியே நிலத்தடி நீரில் இறங்கும் யாழ்ப்பாணத்தில், அந்த மேலா கீழா என்பதுதான் கைக்குழந்தை வைத்திருப்பவர்களின் கேள்வி.

மாதிரி எடுப்பதிலும் பிழை நேரலாம். எண்ணெய் பிளாஸ்திக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதற்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும். பழைய சோடாப் போத்தலில் நிரப்பிக்கொண்டு போனால் எண்ணெய் குறைந்தே தெரியும். அரச நிறுவனம் ஏற்கெனவே செய்த சோதனையின் முடிவை, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளை லயத்துக்கு மேலே கையைக் காட்டினாள். தேயிலைக்குள்ளால் இறங்கி வருகிற பீலி அது. மேலே உரம் போடுகிறார்கள், இன்னொரு லயத்தின் மலசலகூடமும் அங்கேதான்.

"அப்ப இதைக் குடுத்தா என்னான்னு கேக்கணும்?"

நைத்திரேற்று எவ்வளவு என்று கேள் என்றேன். கிருமி இருக்கிறதா என்பதை எந்த வீழ்படிவும் காட்டாது. அதற்குக் கோலிபோம் சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தொடங்கலாம். அவள் டியூட்டைத் திருப்பி, கறுப்பு வளையத்தின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.