மண்ணுக்குக் கரி: ஒரு விளக்கம்



"பயோசார்" என்ற ஒரு காரியத்தைக் குறித்து எங்களிடம் கேட்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். கிராமத்து மக்கள் தாங்களே வெட்டிக்கொள்ளும் சூளைக்குழியில் வேண்டாத முள்ளையும் மிலாறையும் கரியாக்கி நிலத்தில் இட்டால் விளைச்சல் கூடும், காற்றும் கெடாது என்கிறார்களே, இது மெய்தானா? செஞ்சிப் பக்கத்து ஏழை ஜனங்களுக்கு இது உதவுமா? ஆஸ்பத்திரிக்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் இதற்கும் கொடுக்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் எங்களால் இயன்ற விளக்கத்தை இங்கே எழுதுகிறோம்.

கரிச்சூளையைப் பற்றிப் பேச ஆஸ்பத்திரிக்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். புகையினால் நுரையீரல் கெட்டவர்களும், தீயில் வெந்தவர்களும், கடனுக்காக உடம்பை அடகு வைத்தவர்களும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஆஸ்பத்திரிதான். ஆகவே இந்தச் சூளையை நாங்கள் மூன்று கேள்விகளால் சோதிக்கிறோம். அதற்குள் என்ன போகிறது? அதிலிருந்து என்ன வெளியே வருகிறது? அது யார் கையில் இருக்கிறது?

கரிக்குள் இருக்கும் இரகசியம்

பயோசார் என்பதைத் தமிழில் உயிர்க்கரி என்கிறார்கள். பெயர் புதிது, பொருள் பழையது. நம் பாட்டிமார் பல் துலக்கிய உமிக்கரியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மரத்தையோ தட்டையையோ தாராளமாகக் காற்றுப்படும்படி எரித்தால் சாம்பல் மிஞ்சும். காற்றை மட்டுப்படுத்திச் சுமார் 400 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அதிலுள்ள ஈரமும் வாயுக்களும் வெளியேறிக் கரி மிஞ்சும். காய்ந்த பொருள் 100 கிலோ போட்டால் 20 முதல் 25 கிலோ வரை கரி கிடைக்கும்.

இந்தக் கரி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். சிலவகை விஷங்களை உட்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் டாக்டர்கள் கரித்தூளைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதுண்டு. அது விசேஷமாகப் பக்குவப்படுத்தப்பட்ட மருந்துக்கரி. விஷம் அதன் துவாரங்களின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் இரத்தத்தில் சேருவது குறைகிறது. நிலத்தில் இடும் கரியும் ஏறக்குறைய இதே தன்மையால்தான் வேலை செய்கிறது. மழைநீரையும் எருவின் சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. வைக்கோலோ தழையோ மண்ணில் மக்கி ஓரிரு வருஷங்களில் மறைந்துபோகும். கரியின் பெரும்பகுதியோ நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மண்ணிலேயே தங்கும். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில், பூர்வகுடிகள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண், அவர்கள் காலத்துக்குப் பின் பல நூற்றாண்டுகள் கடந்தும் வளம் குன்றாமல் இருக்கிறது. நெதர்லாந்து தேசத்து மண்ணியல் அறிஞர் விம் சோம்புரூக் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதைப்பற்றி எழுதிய பிறகே உலகம் இதை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கியது.

சூளைக்குழி வேலை செய்யும் விதம்

நம் நாட்டில் வெகுகாலமாக நடந்துவருவது கரிமூட்டம். விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி, உள்ளே தீயிட்டு, நாட்கணக்கில் புகைய விடுவார்கள். அந்த மூட்டத்திலிருந்து வருவது வெறும் புகை அன்று. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், பூமியின் வெப்பத்தைக் கூட்டும் மீத்தேனும் அதில் உண்டு. பக்கத்தில் குடிசை போட்டுக் காவலிருக்கிற குடும்பம், கைக்குழந்தை உட்பட, அதையே சுவாசிக்கிறது.

புதிய முறையில் மூடி கிடையாது. திறந்த வாயுள்ள கூம்பு வடிவச் சூளை ஒன்றை ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சுவிட்சர்லாந்தில் 2014-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார்கள். இரும்பு வாங்க வசதியில்லாத நேபாள விவசாயிகளுக்கு அதே வடிவத்தை மண்ணில் குழியாகவே வெட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். மண்வெட்டியும் நாலு பேர் உழைப்பும் இருந்தால் போதும்.

வாய் ஐந்தடி அகலமும் சுமார் மூன்றடி ஆழமும் வைத்து, அடி குறுகும்படி சரிவாக வெட்டி, பக்கங்களைத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். அடியில் சுள்ளிகளைக் கூடுபோல அடுக்கி, மேலிருந்து தீ மூட்டுவார்கள். தணல் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை மெல்லிதாகப் பரப்ப வேண்டும். மேலே எரிகிற சுவாலை உள்ளே வரும் காற்றையெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறது. கீழே கிடக்கும் கரிக்குக் காற்று எட்டாததால் அது சாம்பலாகாமல் தப்புகிறது. கீழிருந்து எழும்பும் புகையும் அந்தச் சுவாலையைக் கடக்கையில் எரிந்துபோகிறது. அவசரப்பட்டு அள்ளிக் கொட்டினால் தீ அமுங்கிப் புகையும். அசட்டையாக விட்டால் சாம்பல்தான் மிஞ்சும். குழி நிறைந்து சுவாலை தணியும்போது தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். தண்ணீர் அரிதான இடத்தில் ஈரமண்ணால் முழுவதும் மூடி, நன்றாக ஆறும்வரை விட்டுவிடலாம்.

எல்லாப் பொருளும் இந்தக் குழிக்கு ஏற்றதல்ல. உமி, மல்லாட்டைத் தோல் போன்ற பொடிப்பொருள்களைத் தனியே கொட்டினால் தீ அமுங்கும். அவற்றுக்கு வேறு வகைச் சூளை வேண்டும். பருத்தி மார், ஆமணக்குத் தட்டை, துவரை மிலாறு போன்றவற்றைக் கரியாக்க எண்ணெய்ப் பீப்பாய் போன்ற ஒரு தகரச் சூளையை ஹைதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்திருக்கிறது.

செஞ்சியில் எதைக் கரியாக்கலாம்?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அதன் நெற்களஞ்சியங்கள் நினைவிருக்கும். ராஜாக்களும் நவாபுகளும் போய்விட்டாலும், நெல்லும் மல்லாட்டையும் இன்றும் இவ்வூருக்கு உயிர்நாடி. இந்தக் குன்றுகளைச் சுற்றிக் கற்பாங்கான நிலம் அதிகம். ஏரி நிரம்பினால் பயிர், இல்லாவிட்டால் கடன் என்று வாழும் குடும்பங்களும் அநேகம். ஈரத்தைப் பிடித்து வைக்கும் எந்தப் பொருளும் இப்படிப்பட்ட மண்ணுக்கு நல்லதே.

ஆனால் கைக்கு எட்டினதையெல்லாம் எரித்துவிடக் கூடாது. வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் மாட்டின் தீவனம். காய்ந்த விறகு ஏழையின் அடுப்புக்குச் சொந்தம். இவற்றைக் குழியில் போட்டால் ஒரு வயிற்றிலிருந்து எடுத்து மண்ணுக்குக் கொடுத்ததாகும். சவுக்கு வெட்டிய இடத்தில் அடுப்புக்கும் போக மிஞ்சும் மிலாறு, துவரை மிலாறு, எல்லாவற்றுக்கும் மேலாக வேலிக்காத்தான் முள், இவையே ஏற்றவை. சீமைக் கருவேலம் என்றும் அழைக்கப்படும் இம்மரம் 1877-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏரிகளையும் தரிசுகளையும் அது அடைத்துக்கொண்டதால், அதை அகற்றும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. கிளையை மட்டும் வெட்டினால் மறுபடியும் தழைத்துவிடும். வேரோடு எடுத்தால்தான் பிரயோஜனம்.

எருவில்லாத கரி பசியுள்ள கரி

பலர் ஏமாந்துபோகும் இடம் இது. பச்சைக் கரியை அப்படியே வயலில் கொட்டினால், அதன் துவாரங்கள் மண்ணிலிருக்கும் சத்தையே முதலில் இழுத்துக்கொள்ளும். அந்தப் போகத்தில் பயிர் வாடவும் கூடும். ஆகையால் கரியை நொறுக்கி, கோமியத்திலோ சாணக் கரைசலிலோ ஊறவைத்து, அல்லது எருக்குழியில் சில வாரங்கள் கலந்து வைத்து, பிறகே நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கனி கொடாத அத்திமரத்தைச் சுற்றிக் கொத்தி எருப்போட இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்ட தோட்டக்காரனை வேதத்தில் வாசிக்கிறோம். மண்ணை அறிந்தவன் எருவை மறக்கமாட்டான்.

நேபாளத்தில் நடந்து 2015-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரிசோதனை இதற்குச் சாட்சி. அங்கே பரவிக்கிடந்த ஒரு அந்நியக் களைச்செடியைக் கரியாக்கி, மாட்டுச் சிறுநீரில் ஊறவைத்து, ஹெக்டேருக்கு 750 கிலோ வீதம் பூசணியின் வேரடியில் இட்டார்கள். சிறுநீர் மட்டும் இட்ட பாத்தியைவிட நான்கு மடங்கும், ஊறவைக்காத கரி மட்டும் இட்ட பாத்தியைவிட 85 சதவீதம் அதிகமும் விளைந்தது. இது ஒரு பயிரில், ஒரு மண்ணில் கண்ட பலன். செஞ்சி விவசாயிக்கு இதையே வாக்குத்தத்தமாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, வெப்ப நாடுகளில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியதாகவும், குளிர்ச்சியான நாடுகளில் சராசரியில் ஏற்றம் ஒன்றும் இல்லை என்றும் காட்டுகிறது. கரி பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. புளிப்பு மண்ணுக்கு அது மருந்து, களர் நிலத்துக்குத் தீங்கு. எனவே மண் பரிசோதனை செய்யாமல் கரி இடுவது, இரத்தம் பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஹெக்டேருக்கு 750 கிலோ என்பது ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ. அதற்குக் காய்ந்த மிலாறும் முள்ளும் 1,200 முதல் 1,500 கிலோ வரை வேண்டும். இதை ஒரு குடும்பம் தனியே வெட்டிச் சுமந்து உலர்த்துவது பாரம். பல குடும்பங்கள் சேர்ந்து முறைபோட்டுச் செய்தால் ஆகக்கூடியதே. சூளை ஊர்ச்சூளையாக இருக்கவேண்டியதற்கு இது ஒரு காரணம்.

யார் கையில் சூளை?

மற்றொரு காரணம் இதைவிடப் பெரியது. வட தமிழ்நாட்டில் மரம் வெட்டுவதிலும் கரி சுடுவதிலும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு வேலை செய்வது நெடுநாளாக அறியப்பட்ட துயரம். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. இருந்தும் 2019 ஜூலை மாதத்தில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் அதிகாரிகளால் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் அப்போது பத்திரிகைகளில் வெளிவந்தது.

இப்போது கரிக்கு இன்னொரு விலையும் வந்திருக்கிறது. மரம் காற்றிலிருந்து எடுத்த கரியமிலத்தை மண்ணில் புதைத்து வைப்பதால், பூமி சூடாவதைத் தடுக்கும் வழிகளில் ஒன்றாக உயிர்க்கரியை ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. அதற்காகப் பணம் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. பணம் வரும் இடத்தில் தரகரும் வருவார். சூளை வேறொருவருடையதாயிருந்து, முன்பணமும் அவருடையதாயிருந்தால், புகை குறைந்தாலும் அடிமைத்தனம் குறையாது. குழியை வெட்டியவர்களே அதற்குச் சொந்தக்காரராயிருந்து, கரி அவர்கள் நிலத்துக்கோ அவர்கள் பேசி முடித்த விலைக்கோ போகும்போதுதான் அது நன்மை. சொந்த நிலமில்லாதவர்களுக்கு அன்றாடக் கூலி அன்றன்றே கைக்கு வரவேண்டும்.

ஆஸ்பத்திரியின் எச்சரிப்புகள்

சூளையண்டை வேலை செய்கிற சகோதரிகள் பாலியஸ்டர் சேலை உடுத்தக் கூடாது. அது தீப்பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடுத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். குடிசைக்கும் வைக்கோல் போருக்கும் தூரமாகவே குழி இருக்கட்டும். பிள்ளைகள் விழாதபடி சுற்றிலும் வேலி போடவேண்டும். அணைந்ததாகத் தோன்றும் கரி உள்ளே கனன்றுகொண்டிருக்கும், ஆகவே தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டுமே மூட்டையில் கட்ட வேண்டும். தணலை எக்காரணத்தைக் கொண்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். கரியை ஈரமாக நொறுக்கினால் தூள் நெஞ்சுக்குள் போகாது.

சூளை ஒன்றே புகைக்குப் பரிகாரமாகிவிடாது. வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மரித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நல்ல சூளைக்குழிக்கு அருகே புகை நிறைந்த சமையலறை இருக்குமானால் நம் வேலை பாதியில் நிற்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பங்காளர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம். குழிக்குப் பணம் வேண்டியதில்லை, அது மண். மண் பரிசோதனைக்கும், கற்றுக்கொடுக்கிறவரின் பிரயாணத்துக்கும், பருத்தித் துணிக்கும், அரிவாள் மண்வெட்டிகளுக்கும், முதல் போகத்தில் கூலிக்குமே உதவி தேவைப்படும். இவ்வித வேலைக்கு யாராவது உங்களிடம் காணிக்கை கேட்டால், மேலே எழுதிய மூன்று கேள்விகளையும் அவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். வீணாய்ப்போகும் பொருள்தான் உள்ளே போகிறதா? புகையில்லாமல் எரிகிறதா? சூளையும் கரியும் அதைச் செய்தவர்களுக்கே சொந்தமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மனப்பூர்வமாய்க் கொடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பொறுத்திருங்கள்.

செஞ்சிப் பக்கத்துச் சிறு விவசாயிகளையும், விறகும் முள்ளும் வெட்டிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளும்படி அன்போடு வேண்டுகிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி சாப்ளின்