பெயர் சொன்ன வானொலி

ஒரு மனிதனின் பெயரை நாடு எங்கெல்லாம் எழுதி வைக்கிறது? பிறப்புப் பதிவிலே, பள்ளி இடாப்பிலே, வாக்காளர் பட்டியலிலே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கின. அவ்விதம் விலக்கப்பட்டோரின் பெயர்களை நாடறிய உரக்கச் சொன்ன இடம் ஒன்று உண்டு. அதுவே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை.

தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. 1967 ஜனவரி 5ஆம் திகதி கூட்டுத்தாபனமாயிற்று. வால்வுப் பெட்டிகளின் காலத்தில், மின்சாரமற்ற லயத்துக் காம்பராவுக்கு வானொலி எட்டாப் பொருளே. சிறு பற்றறியில் இயங்கும் ‘திரான்சிஸ்டர்’ வந்த பின்னரே கொழும்பின் குரல் லயத்துக்குள் நுழைந்தது.

சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு இதனால் விளைந்த நன்மை தனியானது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இறப்பரும் தேயிலையும் விளையும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடப்பவை. கடைத்தெருவின் மொழி சிங்களம். வெயில் ஏறுமுன் பால் வெட்டச் சென்று, நண்பகலுக்குப்பின் லயம் திரும்பியவர்களுக்குத் திருத்தமான தமிழ் காதில் விழ வானொலியே வழி செய்தது. மயில்வாகனன், இராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது முதலியோரின் உச்சரிப்பு, பள்ளிக்கு வெளியே அமைந்த இன்னொரு பள்ளி எனலாம்.

‘நீங்கள் கேட்டவை’ போன்ற நிகழ்ச்சிகளில் பாட்டைவிடப் பெரிது, பாட்டுக்கு முன்வரும் பெயர் வரிசை. ஓர் அஞ்சலட்டை போதும். குடியுரிமைச் சான்று கேட்பாரில்லை.

1964 அக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறியோர் கரை மாறினர். ஆனால் அக்கரையிலும் இதே வானொலி கேட்டது. பிரிந்த உடன்பிறப்புகள் ஒரே பாட்டை ஒரே பொழுதிற் கேட்கக்கூடிய நிலையை எந்த ஒப்பந்தமும் தரவில்லை, காற்றலை தந்தது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. ‘சானா’வின் ‘லண்டன் கந்தையா’வும் இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ நாடகமும் யாழ்ப்பாணப் பேச்சை வானலையில் நிலைநாட்டின. பால்வெட்டும் தொழிலாளியின் பேச்சுக்கு அத்தகைய புகழிடம் வாய்க்கவில்லை. அவன் பெயர் ஒலித்தது. அவன் கதை அவ்வளவாக ஒலிக்கவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக் குறையைப் பெரிதும் தீர்த்தது. கதைக்குறையைத் தீர்ப்பது நம் கையில் இருக்கிறது. அந்நாளில் அஞ்சலட்டை எழுதியவர்கள் இன்று முதியோர். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்பி, கேட்டதையெல்லாம் அவர்கள் மொழியிலேயே எழுதிவரச் செய்தல் வேண்டும். காற்றில் ஒலித்த பெயர்கள் ஏட்டிலும் ஏறட்டும்.