அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளாத வீடு

வீட்டுக்கு வீடு வாசல்படி என்பார்கள். எந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தாலும் அப்பா ஒரு மூலையில், வளர்ந்த பிள்ளை ஒரு மூலையில். “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா” என்பான் பிள்ளை. “துரை வந்தாச்சான்னு கேளு” என்பார் அப்பா. இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்தான். அந்த நாலடிக்கும் தபால்காரி யார்? நாம்தான்!

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கொடைக்குப் போன அதே அப்பாதான். தோழனாக வேண்டிய பிள்ளை ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட நாடகங்கள் சில உண்டு. நம் சென்னை மேடையில் கைதட்டல் வாங்கியவையும் உண்டு, அமெரிக்காவில் பரிசு வாங்கியவையும் உண்டு. பாஷை வேறு, உடுப்பு வேறு, சாப்பாடு வேறு. சண்டை மட்டும் ஒன்றேதான்.

வேலை நின்ற வீடுகள்

எனக்கு இந்த யோசனை வரக் காரணம் உண்டு. நான் மாஞ்சோலைக்காரி. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலை ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட் ஊர்கள் வரும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை. தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலைதான் வாழ்க்கை. பெண்கள் கொழுந்து பறிப்போம். ஆண்கள் கவாத்து வெட்டுவார்கள், மருந்தடிப்பார்கள், பேக்டரிக்குப் போவார்கள். வேலை இருந்தால்தான் லயன் வீடும் இருக்கும்.

2024 ஜூன் மாதத்தோடு அந்த வேலை முடிந்தது. விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டார்கள். விடியுமுன் எழுந்து பழகிய மனுஷருக்கு, எழுந்து போக இடமில்லை. பிள்ளைகளோ திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று சம்பாதிக்கப் போய்விட்டவர்கள். நேற்று வரை கொடுத்த கை இன்று வாங்குகிற கை. பணம் அனுப்பிய பிள்ளை, “மாத்திரை வாங்கினீங்களா, எவ்வளவு ஆச்சு?” என்று சாதாரணமாகத்தான் கேட்பான். அப்பாவுக்கோ கணக்குக் கேட்டது போல இருக்கும். விரிசல் விழுவது அங்கேதான்.

இது மலைக்கு மட்டும் சொந்தமான கதை இல்லை. ரிடையர் ஆன எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

பிரஸ்டீஜ் பத்மநாபன்

‘வியட்நாம் வீடு’ ஞாபகம் இருக்கிறதா? 1970-இல் படமாக வருவதற்கு முன்பே சிவாஜி நாடக மன்றம் மேடையில் போட்ட நாடகம் அது. எழுதியவர் சுந்தரம். அதற்கப்புறம் அவருக்கு ‘வியட்நாம் வீடு சுந்தரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சமயம் வியட்நாமில் யுத்தம். எந்நேரமும் சண்டை நடக்கிற குடும்பத்துக்கு அந்தப் பெயர்.

பத்மநாபன் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். வாயைத் திறந்தால் ‘பிரஸ்டீஜ்’. ஆபீஸில் நடத்திய அதிகாரத்தை வீட்டிலும் நடத்தினார். ரிடையர் ஆனதும் அதிகாரம் கை மாறியது. மூத்த பிள்ளையும் மருமகளும் வைத்ததுதான் சட்டம். பத்மநாபன் பொல்லாதவர் இல்லை. பிள்ளைகள் மேல் பாசம் நிறைய. ஆனால் அந்தப் பாசம் எல்லாம் சட்டமாகவும் கண்டிப்பாகவும்தான் வெளியே வந்தது. உத்தியோகம் போன பிறகு பிள்ளையிடம் பேச அவருக்கு வேறு பாஷை தெரியவில்லை. சாவித்திரி ஒருத்திதான் அவருக்குக் கடைசி வரை துணை. பத்மினி நடித்த அந்த வேஷத்தைப் பார்த்து அழாத பெண்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு பத்மநாபன்

இதே மாதிரி ஒரு மனுஷரை ஆர்தர் மில்லர் என்பவர் 1949-இல் நியூயார்க் மேடையில் ஏற்றினார். ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’, அதாவது ஒரு விற்பனையாளனின் மரணம். ஆங்கில இலக்கியம் படித்த பெண்களிடம் கேட்டால் பாடமாக இருந்தது என்பார்கள்.

வில்லி லோமனுக்கு வயது 63. ஊர் ஊராகக் காரில் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த கம்பெனியில், பழைய முதலாளியின் மகனே அவரை வேலையை விட்டு நிறுத்துகிறான். மூத்த பிள்ளை பிஃப் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பந்தாட்ட சூரன். அவன் பெரிய ஆளாக வருவான் என்று அப்பா கட்டிய கோட்டைக்கு அளவே இல்லை. ஆனால் அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிட்ட நாளில் பிள்ளையின் மனசு உடைந்துபோனது. அப்பா அந்தத் தப்பைப் பேசவில்லை, பிள்ளையும் அம்மாவிடம் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த மௌனம் வீட்டுக்குள் நடமாடியது.

கடைசியில் பிஃப், “நான் சாதாரண ஆள்தான் அப்பா, என்னை விட்டுடுங்க” என்கிற அர்த்தத்தில் கதறி அழுகிறான். அப்போதுதான் வில்லிக்கு, தன் மேல் பிள்ளைக்குப் பிரியம் உண்டு என்பதே தெரிகிறது! ஆனால் புரிந்தது பாதிதான். இன்ஷூரன்ஸ் பணம் பிள்ளைக்குக் கிடைத்தால் அவன் முன்னுக்கு வருவான் என்று உயிரை விட்டுவிடுகிறார். பிள்ளை கேட்டது பணத்தை அல்லவே!

சோறு போட்டது போதாதா?

ஆகஸ்ட் வில்சன் எழுதிய ‘ஃபென்ஸஸ்’ என்றால் வேலி. 1987-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1957-ஆம் வருஷம், பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம். டிராய் குப்பை வண்டித் தொழிலாளி. நன்றாகப் பேஸ்பால் ஆடியும் நிறத்தினால் பெரிய ஆட்டங்களில் இடம் கிடைக்காமல் போனவர். பிள்ளை கோரிக்கு ஃபுட்பால் ஆட்டத்தால் காலேஜில் இடம் கிடைக்கும் போல இருக்கும்போது, அப்பாவே தடுத்துவிடுகிறார். தனக்குப் பட்ட அடி பிள்ளைக்கும் படக்கூடாது என்ற பயம் ஒரு பக்கம். நமக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்துவிடுமோ என்ற எரிச்சல் ஒரு பக்கம்.

ஏன் என்னைப் பிடிக்கவில்லை என்று கோரி கேட்கிறான். பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, சோறு போடுகிறேன், துணி எடுத்துக் கொடுக்கிறேன், அது என் கடமை என்கிறார் டிராய். இந்தப் பதிலை நாம் கேட்டதில்லையா? “உனக்கு என்னல குறை வச்சேன்?” என்று எங்கள் பக்கத்து அப்பாக்கள் கேட்பது இதுதானே! குறை வைக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் பிள்ளை கேட்டது சோற்றைப் பற்றி இல்லை.

கௌரவமும் கடமையும்

1973-இல் வந்த ‘கௌரவ’மும் சுந்தரம் எழுதிய ‘கண்ணன் வந்தான்’ நாடகத்திலிருந்து வந்ததுதான். நீதிபதி பதவி கிடைக்காத கோபத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்த் குற்றவாளிக்காக வாதாடக் கிளம்புகிறார். பிள்ளையைப் போல வளர்த்த கண்ணனே எதிர்க்கட்சி வக்கீலாக வந்து நிற்கிறான். ‘பெரியப்பா’ என்று உயிரையே வைத்திருப்பவன்தான். இரண்டு வேஷத்திலும் சிவாஜி! தோற்ற பெரியவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

1974-இல் ‘தங்கப்பதக்கம்’. மகேந்திரன் எழுதிய நாடகம். முதலில் செந்தாமரை ‘இரண்டில் ஒன்று’ என்ற பெயரில் மேடையேற்றினார். எஸ்.பி. சௌத்ரிக்குப் போலீஸ் கடமைதான் பெரிது. சிறு வயதில் தன்னைத் திருத்த அப்பா காட்டிய கடுமையை மகன் ஜகன் மன்னிக்கவே இல்லை. தப்பு மேல் தப்பு செய்து தேசத் துரோகம் வரை போகிறான். அப்பாவே அவனைச் சுடுகிறார். பதக்கம் மார்பில் ஏறுகிறது. பார்த்துச் சந்தோஷப்பட மனைவியும் இல்லை, மகனும் இல்லை.

இரண்டு அம்மாக்கள்

இந்தக் கதைகளில் அப்பாவையும் பிள்ளையையும்விட நான் கவனித்தது நடுவில் நிற்கும் அம்மாவைத்தான்.

வில்லியின் மனைவி லிண்டா தங்கமானவள். கணவர் உயிரை விட நினைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லி அழுகிறாள். ஆனால் கணவரிடம் ஒரு நாளும் நேருக்கு நேர் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அவமானமாகிவிடுமே என்று மூடி வைக்கிறாள். அந்த மரியாதைதான் அவரைத் தனியாக்கிவிட்டது. அவரை அடக்கம் செய்கிற நாளில்தான் வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டி முடிகிறது. வீடு சொந்தமாயிற்று, குடியிருக்க மனுஷர் இல்லை.

டிராயின் மனைவி ரோஸ் வேறு மாதிரி. கணவர் வேறொருத்தியிடம் பெற்ற குழந்தையையும் தாயில்லாப் பிள்ளை என்று எடுத்து வளர்த்தவள். கணவர் இறந்தபோது, அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வரமாட்டேன் என்கிறான் கோரி. ரோஸ் கணவரைப் புனிதராக்கவில்லை. அவர் செய்த தப்பையும் சொன்னாள், அவர் பட்ட பாட்டையும் சொன்னாள். அப்பாவை மதிக்காமல் இருப்பதால் நீ ஆம்பிளை ஆகிவிட மாட்டாய் என்றும் சொன்னாள். பிள்ளையின் மனசு இளகியது.

மறைக்கிற அம்மாவைவிட, இருவரையும் பற்றி உண்மையைச் சொல்கிற அம்மாவால்தான் வீடு நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நாம் என்ன செய்யலாம்?

* தபால் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். “நீயே அப்பாகிட்ட சொல்லுப்பா” என்று நகர்ந்துவிடுங்கள். முதல் நாள் முறைப்பார்கள். நாலாம் நாள் பேசுவார்கள்.

* கைக்குழந்தைக்காரிகளே, “இரு, அப்பா வரட்டும்!” என்று பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். அப்பாவை வீட்டுக்குள் போலீஸ்காரராக்குவது இந்த ஒரு வார்த்தைதான். அப்பாவே குளிப்பாட்டட்டும், கதை சொல்லட்டும். பின்னால் பேசுவதற்கு இப்போதே பழக்கம் வேண்டும்.

* வேலை விட்டு வந்த கணவரிடம் “சும்மாத்தானே இருக்கீங்க” என்று மறந்தும் சொல்லாதீர்கள். வரவு செலவு நோட்டு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவது, தோட்டம் என்று அவருக்கென்று ஒரு பொறுப்பு இருக்கட்டும். அதில் நாம் குறுக்கே போகக் கூடாது.

* பிள்ளை பணம் தந்தால் அப்பாவின் கையிலோ அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலோ சேரட்டும். ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குகிற நிலைமை வேண்டாம்.

* எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை அப்பா செய்தாலும் நீங்கள் சேர்ந்துகொள்ளாதீர்கள்.

* தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத எரிச்சல், புதிதாகக் குடிப்பழக்கம், “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு — இதெல்லாம் தென்பட்டால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வும் ஒரு நோய்தான், வைத்தியம் உண்டு. லிண்டாவைப் போல மூடி மறைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நேரே கேளுங்கள். கேட்பதால் கெடுதல் வராது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பத்மநாபனுக்கும் வில்லி லோமனுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இனி யாரும் வசனத்தை மாற்றி எழுத முடியாது. நம் வீட்டில் அப்படி இல்லை. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இருவருக்கும் ஒரே பந்தியில் தட்டு வையுங்கள். குழம்பில் உப்பு கூடியிருக்கிறது என்று சண்டை போட்டாலும் பரவாயில்லை, பேச்சு ஆரம்பித்துவிட்டதே!