மானிய முறையும் மத்தியகாலக் கந்தளாயும்

மத்தியகால ஐரோப்பாவிலே நிலமே அதிகாரத்துக்கு அடிப்படையாய் விளங்கிற்று. அரசன் பிரபுவுக்கும், பிரபு போர்வீரனுக்கும் நிலம் வழங்க, பெற்றோர் படைத்துணை புரிந்தனர். இவ்வமைப்பே மானிய முறை எனப்படும். பண்ணையாளனோ நிலத்தோடு பிணிப்புண்டு, வாரத்திற் சில நாட்கள் பிரபுவின் வயலில் ஊதியமின்றி உழைத்தான்; பிரபுவின் இசைவின்றி ஊரைவிட்டகலவும் இயலாதவனாயிருந்தான்.

இனி, 11ஆம் நூற்றாண்டுக் கந்தளாயை நோக்குவோம். சோழராட்சியில் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் அந்தணர் ஊராயிருந்தது. அங்கு ஊர்க்கருமங்களை ஆராய்ந்தவன் தனியொரு பிரபுவல்லன். பெருங்குறிப் பெருமக்கள் எனப்பட்ட சபையாரேயாவர். பின்னர் முதலாம் விசயபாகு (1055–1110) காலத்திலே, நங்கைசானி என்னும் அந்தணக் கைம்பெண், தன் கணவன் நினைவாக இவ்வூர்ச் சிவன்கோயிலுக்குத் தானம் அளித்தாள். அதனைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றனரெனப் பழமோட்டைக் கல்வெட்டு உரைக்கின்றது. ஐரோப்பிய வீரன் நிலமீந்த தலைவனைக் காத்தான். இங்கோ ஒரு கைம்பெண்ணின் அறக்கொடைக்குப் படை காவலாயிற்று.

ஆயினும், நிலத்தை உழுதவர் யாவர்? 1086இல் இங்கிலாந்திலே தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏடு, வரி கருதியேனும், குடியானவரை ஊர்தோறும் எண்ணிற்று. நம் கல்வெட்டுக்களோ ஈந்தோரையும் காத்தோரையும் போற்றுமளவுக்கு உழுதோரைப் பற்றி விரித்துரைப்பனவல்ல. ஆகவே, சபையைக் கண்டு சமத்துவமென்றோ, நிலக்கொடையைக் கண்டு மானிய முறையென்றோ துணிதல் பொருந்தாது. கந்தளாய்க் குளத்து நீரை வயலிற் பாய்ச்சிய கைகளையும் தேடியறிதலே வரலாறு கற்போர் கடனாகும்.