கைக்கு எட்டாத ‘நொக் சென்சர்’: வீட்டு முற்றத்தில் மாற்றிய அனுபவம்

மாதம் ஒருமுறை அம்மாவைக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிச்செல்வது எங்கள் பழைய டொயோட்டா கொரோலா 121 கார்தான். ஒருநாள் ஆனையிறவு வெளியில் காற்றுக்கு எதிராக ஓடும்போது கார் இழுக்கவில்லை. எஞ்சின் விளக்கு எரிந்தது. வழமையாகப் போதுமான பெற்றோலும் அன்று போதவில்லை.

கராஜில் ஸ்கானர் போட்டார்கள். ‘பி0325’ என்று காட்டியது. நொக் சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். சென்சரின் விலையைவிட அதைக் கழற்றிப் பூட்டும் கூலி அதிகம். இரண்டையும் கூட்டினால் அம்மாவுக்கு வெளியில் வாங்கும் மருந்தின் இரண்டு மாதக் காசு. காரை மாற்றவும் வழியில்லை. 2020 இல் தடைப்பட்ட கார் இறக்குமதி 2025 இல் திறந்தாலும், விலைகள் எங்களுக்கு எட்டாதவை.

வட்டக்கச்சியில் இருக்கும் மாமாவிடம் போனேன். 90களில் யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்காக இருந்தவர். “நீயே கழற்று பிள்ளை, நான் பக்கத்தில இருக்கிறன்” என்றார்.

‘நொக்’ என்றால் என்ன?

சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் தீப்பொறியிலிருந்து ஒழுங்காக எரிந்து பரவ வேண்டும். சூடும் அமுக்கமும் கூடினால், சுவாலை போய்ச் சேருமுன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும் அந்தச் சத்தம்தான் நொக். நீடித்தால் பிஸ்டன் சேதமாகும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்கு இந்தத் தட்டல் இலகுவில் வரும். மாமா அதைக் காதால் கேட்டு, டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பித் தீப்பொறியைப் பிந்தவைப்பாராம்.

இன்று அந்த வேலையைச் செய்வது நொக் சென்சர். அதற்குள் இருக்கும் பளிங்கு, எஞ்சினின் அதிர்வை மின்சமிக்ஞையாக்குகிறது. தட்டல் கேட்டால் எஞ்சினின் கணினி தீப்பொறியைப் பிந்தவைக்கும். சென்சரோ வயரோ பழுதானால் கணினிக்கு ஒன்றும் கேட்காது. அதனால் முன்னெச்சரிக்கையாக எப்போதும் பிந்தவைத்தே ஓட்டும். இழுவை குறைந்து பெற்றோல் கூடுவது அதனால்தான்.

கழற்றுமுன்

இந்தக் குறியீடு மின்சுற்றைத்தான் சொல்கிறது, சென்சர்தான் பிழை என்று சொல்லவில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியும் வயரைப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம், இணைப்பில் பச்சை பிடித்திருக்கலாம். திருப்பி எடுக்கச் சம்மதிக்கும் கடையில் சென்சரை வாங்குவது நல்லது. கூடவே இன்டேக் மனிபோல்ட்டுக்குப் புதிய காஸ்கட்டும் வேண்டும்.

கழற்றுதல்

இந்தக் காரில் சென்சர் இருப்பது இன்டேக் மனிபோல்ட்டின் பின்னால், எஞ்சின் உடலில். மேலிருந்து கை போகாது. எஞ்சின் நன்றாக ஆறியபின் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினோம். காற்றுக் குழாய், திரொட்டில், அதற்குள் போகும் கூலன்ட் ஓஸ்கள், பிறகு மனிபோல்ட் என்று வரிசையாக எடுத்தோம். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படமெடுத்தேன். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனித் தயிர்க் கோப்பைகளில் போட்டு, பெயர் எழுதி வைத்தேன்.

மனிபோல்ட் வந்ததும் சிலிண்டருக்குப் போகும் நான்கு வாய்களையும் சுத்தமான துணியால் அடைத்தோம். ஒரு நட் உள்ளே விழுந்தால் செலவு பல மடங்காகும்.

பழைய சென்சரை மல்ரிமீற்றரால் அளந்தோம். 20 பாகை செல்சியஸில் 120 முதல் 280 கிலோ ஓம் காட்ட வேண்டும். எங்களுடையது எதுவுமே காட்டவில்லை. புதியது சரியாகக் காட்டியது. வயரில் பிழையில்லை.

பூட்டுதல்

இந்த வேலையில் பலர் தவறுவது இங்கேதான். சென்சர் எஞ்சின் உடலைத் தொட்டுத்தான் கேட்கிறது. அது இருக்கும் இடத்தை வெறும் உலோகம் தெரியத் துடைக்க வேண்டும். இடையில் வாஷர், பெயின்ற், கிறீஸ் எதுவும் கூடாது. இறுக்கம் 20 நியூட்டன் மீற்றர். குறைந்தால் சரியாகக் கேட்காது, கூடினால் சென்சர் வெடிக்கும். கைக்கணக்கை நம்பாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரை இரவல் வாங்கினோம். துணிகளை எண்ணி வெளியே எடுத்த பிறகுதான் மனிபோல்ட்டைப் பூட்டினோம்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை இரண்டரைக்கு முடிந்தது. பழகிய மெக்கானிக் இதைவிட விரைவாகச் செய்வார். ஒரு போல்ட் இறுகி வராவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். அது உடைந்தால் கராஜுக்குத்தான் போகவேண்டும்.

குறியீட்டை அழித்துவிட்டு ஸ்ராட் செய்தோம். மாமாவின் இடது காது 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்தபோது போனது. மற்றதும் இப்போது மந்தம். எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “தட்டுதோ பிள்ளை?” என்று கேட்டார்.

“இல்லை மாமா.”

“அப்ப சரி. கொஞ்சம் கூட்டிப் பிடி பாப்பம்.”

கூட்டிப் பிடித்தேன். கையை எடுக்காமலே தலையாட்டினார். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஆனையிறவில் அதே காற்று. விளக்கு எரியவில்லை. அம்மா பின்சீற்றில் நித்திரை.