உங்களுக்குத் தெரியுமா? எதிரே கார் வந்தால்…

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் வாடகைக் காரில் சுற்றினால், பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகுமளவு சாலைதான் இருக்கும். எதிரே வண்டி வந்தால், ஓரத்தில் ஆங்காங்கே விட்டிருக்கும் அகன்ற இடத்தில் ஒதுங்க வேண்டும். அது வலப்பக்கம் இருந்தால் குறுக்கே பாயாமல், அதற்கு நேரெதிரே நம் பக்கத்திலேயே நின்றுகொள்வது விதி. பின்னால் அவசரமாக வருபவருக்கும் அங்கே வழிவிட வேண்டும். காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவது மட்டும் ஆகாது!

இத்தகைய சாலைகளில் ஒன்றான, ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குச் செல்லும் ‘பியாலக் நா பா’ மலைப்பாதை, கடல்மட்டத்தில் கிளம்பி 626 மீட்டர் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் வேறு. ஓட்டப் பழகுபவர்களுக்கு உகந்ததல்ல என அடிவாரத்திலேயே பலகை எச்சரிக்கிறது. 1970களில் கடலோரச் சாலை வரும்வரை, அந்த ஊருக்குக் கார் போக இது ஒன்றுதான் வழி.