இடிக்கு அஞ்சும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஐப்பசி பிறந்தால் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் வானம் இருட்டும்போதே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. "புயல் வருமா?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், தாயின் முந்தானையை விடமாட்டார்கள், தூங்கமாட்டார்கள். வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது." அன்பால் சொல்லப்படுவதுதான் என்றாலும் இந்த வட்டாரத்தில் அது உண்மையில்லை. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி பலாவையும் நெய்வேலி சுற்றுவட்ட முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் 9 வாக்கில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. தானேயைப் பற்றிப் பெற்றோர் இன்றும் பேசுகிறார்கள், ஃபெஞ்சலைப் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்லும் வாயே அந்தக் கதைகளையும் சொல்கிறது என்பதைப் பிள்ளை கவனிக்காமல் இருக்குமா? அதன் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதைத் துடைக்கப் பார்ப்பதை விட, உண்மையான விவரத்தையும் செய்வதற்கு ஒரு வேலையையும் அதன் கையில் கொடுப்பதே பயன் தரும்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது. பாதி உண்மை. பெருஞ்சத்தத்துக்குத் திடுக்கிடுவது பிறவியிலேயே வருவது. இடிக்கும் இருட்டுக்கும் அஞ்சும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் அதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் புயலை நேரில் கண்ட பிள்ளைகளின் கதை வேறு. 1999 ஒடிசா பெரும்புயலுக்கு ஓராண்டு கழித்து, மனநல மருத்துவர் நீலமாதவ் கர் குழுவினர் 447 மாணவர்களிடம் ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் பேரிடருக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. அதைவிடக் கலங்க வைப்பது இன்னொரு எண்: பெற்றோரோ ஆசிரியரோ கவலை தெரிவித்தது சுமார் 7 விழுக்காட்டுப் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே. ஒடிசா கண்ட அழிவை வளையமாதேவி கண்டதில்லை, அந்த விழுக்காட்டை இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் பிள்ளையின் பயம் பெரியவர் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது எங்கும் நடக்கக்கூடியது. "பயப்படாதே" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை பயத்தை விடுவதில்லை, சொல்வதைத்தான் விடுகிறது.

விவரம் சொன்னால் இன்னும் அல்லவா மிரளும் என்று கேட்கலாம். எந்த விவரம், யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஒரே அலை, ஒரே சாய்ந்த மரம், 'ரெட் அலர்ட்' என்ற கூச்சல்: இது விவரமே இல்லை. 1995 ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய ஆய்வுகளில், செய்திக் காட்சிகளை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் மனப்பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டது. பெட்டியை அணைத்துவிட்டு, கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கானது, கூண்டின் எண் நம் வீட்டுக்கு நேரப்போவதைச் சொல்வதில்லை என்று விளக்குவதுதான் விவரம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சுக்கு நடுவே குழந்தைக் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும், சின்னஞ்சிறு பிள்ளைகள் குண்டைவிடத் தாயின் நிலையிலிருந்தே பயத்தை எடுத்துக்கொள்வதைப் பதிவு செய்தார்கள். ஆகவே அமைதியான குரலில் சொல்லப்படும் உண்மை, பதறிய குரலில் சொல்லப்படும் ஆறுதலைவிட மேலானது.

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொன்ன பாட்டிமார், பயந்த பிள்ளைக்கு ஒரு வேலை கொடுப்பதன் பயனை அறிந்தே இருந்தார்கள். இடியை அது நிறுத்தாது. ஆனால் அந்த நொடிகளில் பிள்ளைக்குச் செய்ய ஒன்று இருந்தது. அதோடு எண்ணுவதையும் சேர்க்கலாம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் மூன்றால் வகுத்தால் எவ்வளவு தொலைவு என்று தெரிந்துவிடும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளியே நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். பல பிள்ளைகளின் பயம் தமக்காக அல்ல, வயலில் நிற்கும் அம்மாவுக்காக. அது வீண்பயமும் அல்ல: 2025 அக்டோபரில் இதே மாவட்டத்தின் கழுதூரில் வயல்வேலையில் இருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். இடி கேட்டால் அம்மா வயலை விட்டு ஏறி எந்தக் கட்டடத்துக்குப் போவாள் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், அதைவிடப் பெரிய ஆறுதல் பிள்ளைக்கு இருக்க முடியாது.

வளையமாதேவிக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பரவனாற்று மாற்றுக் கால்வாயில் எஞ்சியிருந்த சுமார் ஒன்றரை கிலோமீட்டரை வெட்ட, 2023 ஜூலை இறுதியில் இங்கே நெற்பயிர் நின்ற வயல்களில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கின. வெள்ளத்தைத் தடுக்கவும் கால்வாய் தேவை என்றது நிறுவனம். நின்ற பயிரை அழித்ததை ஊரார் மன்னிக்கவில்லை. அந்தப் பூசல் எப்படியாயினும், ஆற்றின் போக்கே மாறுவதால், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தாத்தா தலைமுறைக்கு இருந்த அறிவு இனி அப்படியே உதவாது. பெரியவர்களே புதிதாகக் கற்க வேண்டிய நிலையில், மழைக்கு முன்பே பிள்ளைகளையும் கால்வாய்க் கரைக்கு அழைத்துப்போய், எவ்வளவு ஏறினால் ஊர் கிளம்ப வேண்டும் என்று காட்டுவதில் என்ன தவறு?

கூரை வீட்டுப் பிள்ளையிடம் போய் எண்ணச் சொல்வதா என்று கேட்டால், அந்த மறுப்பு நியாயமானது. அந்தப் பிள்ளையின் பயம் சரி. அதற்கு மருந்து மனப்பயிற்சி அல்ல, உறுதியான சுவர். அதுவரை, காற்று வலுக்கும் முன்பே மாடி வீட்டுக்கோ முகாமுக்கோ போவதுதான் வழி. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளிலும் தூக்கம் வராமல், பள்ளிக்குப் போக மறுத்து, வாரக்கணக்கில் நீடித்தால் அது வேறு நிலை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், அரசு மருத்துவமனையிலும் மனநல ஆலோசனை கேட்கலாம். முகாமைப் பொறுத்தவரை, பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு: புயல் நாளில் பள்ளிக்கு விடுமுறை, ஆனால் ஊருக்கு முகாமாவது பெரும்பாலும் அந்தப் பள்ளியே. எந்த அறை திறக்கும், சாவி யாரிடம், கழிப்பறை எங்கே, இருட்டில் விளக்கு எது என்று புரட்டாசியிலேயே ஆசிரியர்கள் ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். இதற்குத் தனி நிதியோ அரசாணையோ தேவையில்லை.